இரண்டு மீட்டர் வெளிச்சம்

1

இன்று காலை தபால்பெட்டியில் ஒரு அழைப்பு கிடந்தது. எங்கள் முற்றத்துக்கு எதிரே எழும்பிய புதுக்கட்டடத்தில் ஆட்கள் குடிவந்து ஒரு வருடம் ஆகிறதாம். ஞாயிறு மத்தியானம் சின்னதாக ஒரு கொண்டாட்டம். 'அன்பான அயலவர்களும்' வந்து கலந்துகொள்ள வேண்டுமாம்.

அன்பான அயலவர். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னை இப்படி யாரும் எழுதியதில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

பாரிஸில் இருக்கிற உனக்கென்ன குறை என்று ஊரிலிருந்து எழுதுகிறீர்கள். வாசலில் பனி, பையில் பிராங்க், கையில் பிள்ளை, வேறென்ன வேண்டும் என்று கேட்கிறீர்கள். என் குறை இரண்டு மீட்டர். அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு. அந்தக் கட்டடம் எப்படி வந்தது, அதற்காக நானும் பிலோமினாவும் எப்படி முட்டிக்கொண்டோம், கடைசியில் யார் என்ன பெற்றோம் என்று எழுதி முடித்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

2

பாரிஸின் லாசப்பல் பகுதியில் எங்கள் வீடு மூன்றாம் மாடியில் இருக்கிறது. தெருவைப் பார்க்கிற வீடல்ல, பின்முற்றத்தைப் பார்க்கிற வீடு. இரண்டு அறைகள். முற்றத்துக்கு அப்பால் ஒரு பழைய தச்சுப்பட்டறை இருந்தது. பதிந்த தகரக்கூரை. அதற்கு மேலே வெறும் வானம். காலை தொடங்கிப் பின்னேரம் வரை அந்த வானம் என் சன்னலுக்கு நேரே நிற்கும்.

அந்தச் சன்னலோரத்தில்தான் என் தையல் மெசின் இருந்தது. இவர் ஒரு உணவுக்கடையில் கோப்பை கழுவப் போவார். மகள் சுகந்தி பள்ளிக்கூடம் போவாள். நான் ஒரு துணி முதலாளி கட்டுக்கட்டாக அனுப்புகிற கோட்டுகளுக்குக் கை பொருத்துவேன். எங்கும் பதியாத வேலை. அநேகமாகக் கறுப்புத் துணி. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓடுவதைப் பார்க்க மின்சார விளக்கு போதாது. இரண்டு நாள் விளக்கில் தைத்தால் மூன்றாம் நாள் கண் இரத்தமாகச் சிவக்கும். எனக்கு வெளிச்சம் என்பது அழகு பார்க்கிற விஷயமல்ல.

பிலோமினா மன்னார்க்காரி. புருசனும் மூன்று பிள்ளைகளுமாக பக்கத்துத் தெருவான ரூ பிலிப்-து-ஜிராரில் ஒரு ஹோட்டலில் இருந்தாள். ஹோட்டல் என்றதும் நீங்கள் சோறும் மீன்குழம்பும் நினைப்பீர்கள். இங்கே அது மாதக்கணக்கில் ஆட்கள் அடைந்து கிடக்கிற அறைகள். ஐந்து பேருக்கு ஒரு அறை, ஒரு கட்டில். அறைக்குள் சமைக்கக் கூடாது. சமைத்தால் மணம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். பிள்ளைகள் குளிப்பார்கள். பிலோ என் அடுப்பில் காய்ச்சுவாள். மெசினை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, அந்தச் சன்னலடியிலேயே பாய் விரித்துச் சாப்பிடுவோம்.

அவள் வந்த புதிதில் நடந்த ஒரு கதை உண்டு. பதிவுக்கு 'மேரி'க்குப் போக வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு மெழுகுதிரியும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். இங்கே நகரசபைக்குப் பெயர் மேரி. "மாதாவைத் தேடிப் போனன் அக்கா, கவுண்டரிலை ஒரு மீசைக்காரன் இருந்தான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எனக்கும் அந்த மேரியிடம் போகிற நாள் வந்தது.

3

ஒரு நாள் பட்டறைக் கதவில் அறிவித்தல் பலகை தொங்கியது. குடியிருப்பு, ஆறு மாடி என்பது மட்டும் விளங்கியது. அதற்குக் கீழே இருந்த 'தெரோகாசியோன்' என்ற சொல்லை மூன்று தரம் வாசித்தும் பிடிபடவில்லை. சுகந்தியைக் கேட்டேன்.

"சே ரியான், மமோ" என்றாள். ஒன்றுமில்லையாம், அம்மா. தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்கிற காலம் போய், தமிழில் கேட்டாலும் பிரெஞ்சில்தான் பதில் வரும் காலம் அது. அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

ஒன்றுமில்லை என்பது எவ்வளவு பெரியது என்று எனக்கு விளக்கியவர் மடம் ருசெல். எங்கள் கட்டடத்தில் முதலாம் மாடிக்காரி. முழங்கால் வருத்தம், ஒரு சாம்பல் பூனை, சிரிக்காத முகம். ஐந்து வருடமாகப் படியில் நான் சொன்ன ஒரு பொன்ஜூருக்கும் மறுமொழி தராத மனுசி, அன்று கையில் அப்பிள் கேக்குடன் என் வாசலில் நின்றார்.

விதிப்படி ஒருவர் குடியிருக்கிற அறையின் சன்னலுக்கும் எதிரே வருகிற சுவருக்கும் இடையில் ஆறு மீட்டராவது விட வேண்டும். கட்டுகிறவர்கள் நாலு மீட்டர் போதும் என்று விலக்குக் கேட்டிருக்கிறார்கள். அந்த விலக்குக்குப் பெயர்தான் தெரோகாசியோன். நகரசபையில் ஒரு குழு கூடி அதைத் தீர்மானிக்கப்போகிறது. எதிர்த்து எல்லோரும் கையெழுத்து வைக்க வேண்டும்.

சன்னலைப் பார்த்தேன். அதற்கு நேரே ஒரு சுவரை நினைத்துப் பார்த்தேன். கையெழுத்து வைத்தேன்.

அடுத்த ஞாயிறு பிலோமினா மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். கதவைத் திறக்கும்போதே கத்தினாள்.

"அக்கா! உங்கடை முற்றத்திலை வீடு வரப்போகுதாம்! சமூகசேவைப் பொம்பிளை சொன்னவ. பிள்ளையள் உள்ள குடும்பங்களுக்கு மூண்டு அறை வீடு இருக்காம். எங்கடை பெயரும் போட்டிருக்காம். நீங்கள் சன்னலிலை நிண்டு கூப்பிட்டா எனக்குக் கேக்கும்!"

பிள்ளைகள் குளித்து, அவள் குழம்பு காய்ச்சும்வரை தள்ளிப்போட்டேன். ஆனால் மறைத்து வைக்கிற பழக்கம் எனக்கில்லை.

"பிலோ, அதை எதிர்த்து நான் கையெழுத்து வைச்சிட்டன்."

அவள் முதலில் சிரித்தாள், பகிடி என்று நினைத்து. பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏன் அக்கா?"

"வீட்டை எதிர்க்கேல்லை. ரெண்டு மீட்டர் தள்ளிக் கட்டச் சொல்லுறம், அவ்வளவுதான்."

"தள்ளினா வீடு குறையுமெல்லோ? குறைஞ்சா ஆருக்கு இல்லாமப் போகும்? கடைசியா வந்த எங்களுக்குத்தானே!"

"எனக்குக் கண் போனா ஆர் சோறு போடுறது?"

"உங்களுக்குக் கண் வலிக்கும் எண்டுறீங்கள். என்ரை மூத்தவள் பெரியபிள்ளை ஆகப்போறாள் அக்கா. தகப்பனும் தம்பிமாரும் கிடக்கிற அறையிலை அவளை எங்கை படுக்க வைக்கிறது, சொல்லுங்கோ!"

பிலோ என் மறுமொழிக்கு நிற்கவில்லை. காய்ச்சிய குழம்பை அடுப்பிலேயே விட்டுவிட்டு, ஈரத்தலையோடு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு பல ஞாயிறுகள் பாய் விரிக்கவில்லை.

"இஞ்சேரும், ரெண்டு மீட்டருக்குச் சண்டையோ?" என்று இவர் கேட்டார். இதைக் கேட்டது யார்? சாவகச்சேரியில் தன் தமையன் வேலி அடைக்கும்போது கதியால் தடியை ஒரு சாண் உள்ளே நட்டுவிட்டார் என்று ஏழெட்டு வருடம் வழக்குப் பேசிய மனிதர். நியாயவாதியின் வாசலில் இவரும் தமையனும் ஒரே வாங்கில் இருந்து, முகம் பார்க்காமல் காத்திருந்ததை நான் கண்டிருக்கிறேன். தீர்ப்பு வருவதற்குள் ஊரில் சண்டை வந்துவிட்டது. இன்று அந்த வேலிக்கு இந்தப் பக்கத்திலும் ஆள் இல்லை, அந்தப் பக்கத்திலும் ஆள் இல்லை. தமையன் குடும்பம் கனடாவில். நாங்கள் இங்கே. இவருக்கு அதை ஞாபகப்படுத்தினேன். எழும்பி வேலைக்குப் போய்விட்டார்.

4

வரைபடத்தை யாரும் போய்ப் பார்க்கலாம் என்றார்கள். யாரும் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்பதை அந்த மேரியில் படித்தேன். முதல் கவுண்டரில் இரண்டாம் மாடி என்றார்கள். இரண்டாம் மாடியில் செவ்வாய்க்கிழமை என்றார்கள். செவ்வாய்க்கிழமை போனால் பார்க்கிறவர் லீவில். அடுத்த செவ்வாய் போனால் "அடையாள அட்டை?" கொடுத்தேன். "இது காலாவதியாகப் போகிறதே?" போகப்போகிறது, இன்னும் போகவில்லை என்று சொல்ல எனக்கு அன்று பிரெஞ்சு வினைச்சொல் ஒத்துழைக்கவில்லை.

கடைசியில் ஒரு இளம்பெண் இரக்கப்பட்டு மேசையில் தாளை விரித்தாள். எங்கள் கட்டடத்தைத் தேடிப் பிடித்தேன். மூன்றாம் மாடியில் என் சன்னலுக்குப் பின்னால் இருந்த அறையில் சின்ன எழுத்தில் 'சமையலறை' என்று போட்டிருந்தது.

"இது சமையலறை இல்லை. நாங்கள் இருக்கிற அறை" என்றேன்.

"பழைய வரைபடத்தில் அப்படித்தான் இருந்திருக்கும், மடம். சமையலறைச் சன்னலுக்கு இந்த ஆறு மீட்டர் விதி இல்லை."

ஆக, என் வெளிச்சத்துக்கு விதியே இல்லை. யாரோ ஒருகாலத்தில் அங்கே உருளைக்கிழங்கு அவித்ததற்காக.

"எப்படி நிரூபிப்பது?"

"அங்கே என்ன செய்கிறீர்கள் என்று குழுவில் சொல்லுங்கள்."

என்ன செய்கிறேன்? பதியாத தையல் தைக்கிறேன். அதைச் சொன்னால் வெளிச்சம் மிஞ்சுமோ தெரியாது, வேலை மிஞ்சாது. முதலாளிக்கும் வில்லங்கம், எங்கள் விசாவுக்கும் வில்லங்கம். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "வாயைத் திறவாதையும்" என்றார். இந்த வீட்டில் எனக்குக் கிடைத்த ஒரே சட்ட ஆலோசனை அது.

5

கூட்டத்துக்குச் சுகந்தியைக் கூப்பிட்டேன், மொழிபெயர்க்க. "அங்கே என் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லாம் வருவார்கள்" என்று பிரெஞ்சில் சொல்லி முகத்தைச் சுளித்தாள். வந்தாள், ஆனால் கடைசி வரிசையில், என்னைத் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்தாள்.

மேடையில் ஐந்து பேர். நடுவில் மூக்குக்கண்ணாடி போட்ட தலைவர். பக்கத்தில் கட்டடக்கலைஞர், மட்டையில் செய்த மாதிரியுடன். புதுக்கட்டடத்துக்குப் பலகணி, பூச்சட்டி, பச்சைப்பஞ்சில் மரங்கள் எல்லாம் இருந்தன. எங்கள் கட்டடம் ஒரு வெள்ளைக்கட்டி. ஒரு சன்னல்கூட இல்லை.

மடம் ருசெல் பேசினார். கைதட்டினார்கள். பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள், எனக்கே விளங்காத விதமாக.

சுவரைத் தள்ளிக் கட்டுகிற அந்த இடைவெளிக்குப் பிரெஞ்சில் 'ரெக்யூல்' என்று பெயர். ஒரு வாரமாக அதைப் பாடமாக்கி வைத்திருந்தேன். நாலு மீட்டர் ரெக்யூல் போதாது. இவ்வளவுதான் வசனம். பிரெஞ்சில் கடைசி எழுத்தை விழுங்க வேண்டும் என்று பழகிய நாக்கு, பதற்றத்தில் முதல் எழுத்தையும் சேர்த்து விழுங்கிவிட்டது. மிஞ்சியது 'க்யூ'. அது இவர்கள் மொழியில் குண்டி.

நாலு மீட்டர் குண்டி எனக்குப் போதாது என்று ஒரு சபை முழுவதற்கும் அறிவித்தேன்.

மண்டபம் சிரிப்பால் வெடித்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் திரும்பிப் பார்த்தேன். சுகந்தியின் கதிரை வெறுமையாக இருந்தது.

எல்லோரும் அடங்கியதும் தலைவர் மரியாதையாகவே கேட்டார், அந்த அறையில் நான் என்ன செய்கிறேன் என்று. "இருக்கிறேன்" என்றேன். "சமைப்பதில்லையா?" "இல்லை." "இதற்குச் சாட்சி?"

அப்போது பக்கவாட்டில் ஒரு கை உயர்ந்தது. பிலோமினா. அவள் வந்திருந்ததையே நான் கண்டிருக்கவில்லை. கட்டடத்துக்கு ஆதரவான பக்கத்தில், சமூகசேவைப் பெண்ணுக்கு அருகில், பூசைக்குப் போடுகிற நீலக்கோட்டுடன் இருந்தாள். எழுந்து நின்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சைக் கொட்டினாள்.

"மிஸ்யூ, நான் ஒரு அறை. ஐந்து பேர். எனக்கு அந்த வீடு வேண்டும். ஆனால் அது சமையலறை இல்லை. என் பிள்ளைகள் அங்கே சாப்பிட்டது. அங்கே படுத்தது. நல்ல அறை. வெளிச்சம் உள்ள அறை. அது என் அக்கா."

அக்கா என்பதை அவள் பிரெஞ்சில் 'சகோதரி' என்று சொன்னாள். வேறெப்படிச் சொல்வது? தலைவர் தாள்களைப் புரட்டினார்.

"உங்கள் சகோதரியா? உங்கள் சகோதரிக்கு இந்தக் கட்டடத்தில் வீடு கிடைக்கலாம், ஆனால் நீங்கள் எதிர்க்கிறீர்களா, மடம்?"

"கூடப்பிறந்த சகோதரி இல்லை" என்றேன்.

"அப்படியானால் யார்?"

இதற்கு என்னிடமும் பிரெஞ்சு இருக்கவில்லை. "எனக்கும் அந்த வீடு வேண்டும், அவளுக்கு. கொஞ்சம் தள்ளி" என்றேன். மறுபடி சிரித்தார்கள். மடம் ருசெல் என்னை முறைத்தார், கட்சி மாறியவளைப் பார்க்கிற மாதிரி.

வெளியே வந்தபோது பிலோ படிக்கட்டில் நின்றாள்.

"ஏன் அப்பிடிச் சொன்னனீ?" என்றேன். "உனக்குத்தானே நட்டம்."

"கேட்டாங்கள், சொன்னன். பொய் சொல்லவோ?" என்றாள். இன்னும் கோபம்தான். ஆனாலும் அன்று என்னோடு சந்திவரை நடந்து வந்தாள்.

6

முடிவு கோடைவிடுமுறைக்குப் பிறகு வந்தது. என் அறை குடியிருக்கிற அறை என்று ஏற்றுக்கொண்டார்கள். அதனால் முழு விலக்கும் இல்லையாம். கீழ்மாடிகள் நாலு மீட்டரிலேயே நிற்கலாம், மேல் இரண்டு மாடிகள் பின்தள்ள வேண்டும். நியாயமான தீர்ப்பு என்று பத்திரிகையில்கூட எழுதினார்களாம்.

நியாயத்தைச் சொல்கிறேன். நான் மூன்றாம் மாடி. எனக்கு நேரே நிற்பது நாலே மீட்டரில் வந்த சுவர். பின்தள்ளிய மேல்மாடிகளால் ஆனி மாதத்தில் மத்தியானம் கொஞ்ச நேரம் ஒரு கீற்று வெயில் விழும். அதோடு, மூன்று அறை வீடுகள் எல்லாம் அந்த மேல்மாடிகளில்தான் இருந்தனவாம். தள்ளியதில் அவை சுருங்கி ஒற்றை அறை, இரட்டை அறை வீடுகளாகிவிட்டன. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு அங்கே இடமில்லை. பிலோமினாவின் பெயர் வெட்டுப்பட்டது. நான் இழந்தேன், அவளும் இழந்தாள். இரண்டு பேருமாக உண்மை பேசி, இரண்டு பேருமாக ஒன்றும் இல்லாமல் வந்தோம்.

இன்னொரு வருடம் கழித்துப் பிலோவுக்குப் பாரிஸுக்கு வெளியே பொபினியில் வீடு கொடுத்தார்கள், பதினோராம் மாடியில். மூத்தவளுக்குத் தனி அறை. போகிற அன்று ஹோட்டல் வாசலில் நின்று இருவரும் அழுதோம். பிறகு அவளுக்கு வேலை, எனக்கு வேலை. மெட்ரோவில் ஏறினால் போகலாம் என்கிற தூரம் இருக்கிறதே, அதைப்போல ஆட்களைப் பிரிக்கிற தூரம் வேறில்லை.

எதிர்க்கட்டடத்தில் எனக்கு நேரே யார் குடிவந்தார்கள் தெரியுமா? மடம் ருசெல். லிப்ட் உள்ள வீடு வேண்டும் என்று முழங்காலைக் காட்டி முன்பே விண்ணப்பித்திருந்தாராம், கையெழுத்து வாங்கித் திரிந்த அதே காலத்தில். தனி ஆளுக்கு ஒற்றை அறை வீடுதானே பொருத்தம். இப்போது அவர் பூனை என் சன்னலைப் பார்த்தபடி படுத்திருக்கும்.

7

அழைப்பைப் படித்துவிட்டு, போவதா விடுவதா என்று நின்றேன். போனால்தான் என்ன என்று தோன்றியது. அதற்குள் கதவு தட்டுவது கேட்டது. மடம் ருசெல். அழைப்பு கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்தது, மெர்சி என்றேன். பிறகு குரலைத் தணித்துச் சொன்னார்:

"ஒரு சின்ன விஷயம், மடம். உங்கள் விளக்கு. பகல் முழுவதும் எரிகிறது. என் அறைக்குள் நேரே அடிக்கிறது. ஒரு தடித்த திரை போட்டால் நல்லது. இல்லாவிட்டால் நான் மேரிக்கு எழுத வேண்டி வரும்."

என் வாயில் வந்த தமிழை இங்கே எழுத முடியாது. கதவைச் சாத்தினேன். பொபினிக்குத் தொலைபேசி எடுத்து, பிலோவிடம் ஒரே மூச்சில் கொட்டினேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "சும்மா கத்தாமல் மெசினைத் தூக்கிக்கொண்டு இஞ்சை வாங்கோ" என்றாள்.

பள்ளி இல்லாத நாள். மெசின் பெட்டியின் ஒரு பக்கம் நான், மறுபக்கம் சுகந்தி. இதென்ன கூத்து, ஆட்கள் பார்க்கிறார்கள் என்று வழி முழுவதும் பிரெஞ்சில் முணுமுணுத்தாள். பொபினியில் இறங்கி நடந்து போனால், லிப்ட் பழுது. பதினோரு மாடி. நான் படியில் குந்திவிட்டேன். பிலோ மேலிருந்து இறங்கி வந்தாள், பின்னால் மூன்று பிள்ளைகளும். மூத்தவள் என்னிலும் உயரமாக வளர்ந்திருந்தாள். அவளும் சுகந்தியும் என்னைக் கேட்காமலே பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தங்களுக்குள் பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரித்தபடி ஏறினார்கள்.

மேலே கண் கூசியது. இரண்டு பக்கமும் சன்னல். கறுப்புத் துணியில் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிந்தது. நான் தைத்தேன், பிலோ பக்கத்தில் இருந்து நூல் வெட்டினாள்.

"நல்ல வீடு பிலோ" என்றேன்.

"ஓம். நல்ல வீடுதான்." இன்னொரு நூலை வெட்டினாள். "அந்த ஒரு அறையிலை இருக்கேக்கை ஒருநாளும் தனிய இருந்ததில்லை அக்கா. இஞ்சை இவர் வேலைக்குப் போனா, பிள்ளையள் பள்ளிக்குப் போனா, கதவைத் தட்ட ஒரு சனம் இல்லை. சண்டை பிடிக்கவும் ஆள் இல்லை."

பின்னேரம் வெறுங்கையோடு வீடு திரும்பினேன். இவர் வேலையால் வந்து, அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"மெசின் எங்கை?"

"பிலோவிட்டை."

"அப்ப நாளைக்கு என்னெண்டு தைப்பீர்?"

"காலமை மெட்ரோவிலை போவன்" என்றேன். "அவளுக்குச் சண்டை பிடிக்க ஆள் வேணுமாம்."